தைவான் தீவின் திருவிழாக்கள்

தைவான் தீவுக்குப் பிரயாணம் செய்ய உத்தேசிப்பவர்கள் விமானம் புறப்படும் நாளை விசாரிப்பதற்கு முன் சந்திரனைக் கவனிப்பது நலம். அத்தீவின் பண்டிகைகளில் பெரும்பாலானவை சந்திர மாதக் கணக்கை அனுசரித்தே வருகின்றன. ஆங்கிலத் தேதியை மட்டும் நம்பிச் சென்றால், திருவிழா முடிந்து பந்தல் பிரிக்கும் சமயத்தில் போய்ச் சேர நேரிடும்!

முதல் மாதப் பௌர்ணமியன்று தீபத் திருநாள். வடக்கே பிங்சி என்னும் மலைப் பிரதேசத்தில் காகிதக் கூண்டுகளுக்குள் தீயேற்றி ஆகாயத்தில் விடுகிறார்கள். கொள்ளைக்காரருக்கு அஞ்சி மலையில் ஒளிந்தவர்களுக்கு, அபாயம் நீங்கிற்று என்று அறிவித்த அடையாளம் இது என்பார்கள். தெற்கே யென்ஷுவே ஊரில் அதே சமயம் ஆயிரக்கணக்கான வாணங்கள், கூடு கலைந்த தேனீக்களைப் போல் கூட்டத்தின் மீதே பாய்கின்றன. 1885-ஆம் வருஷத்தில் பரவிய வாந்திபேதியை விரட்டத் தொடங்கிய வழக்கமாம். தலைக்கவசமும் கனத்த அங்கியும் அணிந்து நடுவில் போய் நிற்பவர்கள் உண்டு. தூர நின்று பார்ப்பதே உத்தமம் என்பது நம் அபிப்பிராயம்.

மூன்றாம் மாதத்தில் கடல் தேவதையான மாஸுவின் யாத்திரை. தாச்சியா ஊரிலுள்ள கோயிலிலிருந்து பல்லக்கில் எழுந்தருளும் அம்மன், ஒன்பது பகலும் எட்டு இரவுமாகச் சுமார் 340 கிலோமீட்டர் சென்று திரும்புகிறாள். புறப்படும் நேரத்தை மனிதர்கள் நிச்சயிப்பதில்லை. பிறை வடிவமான இரு மரத் துண்டுகளைத் தரையில் போட்டு அம்மனிடமே உத்தரவு கேட்கிறார்கள். வழிநெடுகிலும் உள்ள குடும்பத்தார் சோறும் பழமும் தண்ணீரும் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருக்கிறார்கள். காசு வாங்குவது கிடையாது. நோயாளிகளும் முதியோரும் சாலையில் வரிசையாகக் குப்புறப் படுத்துக்கொள்ள, பல்லக்கு அவர்களுக்கு மேலாகச் செல்லும்.

இவையெல்லாம் இடையூறின்றி நிலைத்தவை அல்ல. 1895 முதல் 1945 வரை தைவான் ஜப்பானியரின் ஆதிக்கத்தில் இருந்தது. 1937-ல் சீன யுத்தம் மூண்டதும், தீவினரை ஜப்பானியராகவே மாற்றிவிட வேண்டும் என்று ஆட்சியாளர் முனைந்தார்கள். கோயில்கள் பல மூடப்பட்டன, விக்கிரகங்கள் கொளுத்தப்பட்டன, ஜனங்கள் சிலவற்றை வீடுகளில் ஒளித்துக் காப்பாற்றினார்கள். பின்னால் வந்த சீன சர்க்காரும் சிக்கனத்தின் பெயரால் விழாக்களைச் சுருக்கப் பார்த்தது. அம்மனோ இன்றும் பல்லக்கில் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.

ஏழாம் மாதம் பிதிர்களுக்கு உரியது. கீலுங் துறைமுகத்தின் வைபவம் மிகவும் விசேஷமானது. சீனாவின் பூகியன் மாகாணத்திலிருந்து குடியேறியவர்களில் சாங்சௌ ஊரார், சூவான்சௌ ஊரார் என்று இரு கட்சிகள். 1851-ல் மூண்ட கலகத்தில் பலர் மாண்டனர். பெரியவர்கள் கூடி ஒரு யுக்தி செய்தார்கள். பிறந்த ஊரைக் கொண்டு பிரிந்திருப்பதை விட்டு, குலப் பெயரைக் கொண்டு சேர்வது. வருஷத்துக்கு ஒரு குலம் வீதம் இறந்தோருக்கு விழா நடத்துவது என்று தீர்மானித்தார்கள். 1855-ல் தொடங்கிய அந்த முறை இன்றும் நடக்கிறது. கத்தியால் போட்டியிட்டவர்களின் சந்ததியார் இப்போது விளக்கால் போட்டியிடுகிறார்கள்! பதினான்காம் நாள் இரவு, குலப் பெயர் எழுதிய காகித வீடுகளைக் கொளுத்திக் கடலில் மிதக்க விடுகிறார்கள். எந்த வீடு அதிக தூரம் மிதக்கிறதோ அந்தக் குலத்துக்கு அதிர்ஷ்டம்.

எட்டாம் மாதப் பௌர்ணமியில் நிலாப் பணியாரமும் பம்பளிமாஸும் தின்று மகிழலாம். அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

சீனர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அங்கு வாழ்ந்த பூர்வ குடிகளில் சைசியாத் என்பவர் ஒரு வகுப்பினர். விவசாயம் கற்பித்த குள்ள மனிதர்களைத் தங்கள் முன்னோர் சூழ்ச்சியால் கொன்றுவிட்டார்கள் என்பது அவர்கள் ஐதிகம். அதற்குப் பரிகாரமாக இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, பத்தாம் மாதப் பௌர்ணமியை ஒட்டி, இரவு முழுவதும் கைகோத்து ஆடிப் பாடுகிறார்கள். பார்க்க வரும் அந்நியரும் கையில் நாணற்புல்லைக் கட்டிக்கொள்ள வேண்டும். உயிர் தப்பிய குள்ளர்கள் கற்பித்துச் சென்றவை என்று கருதப்படும் அப்பாட்டுக்களை, விழாக் காலம் நெருங்காமல் அவர்கள் வாயால் உச்சரிப்பதுகூட இல்லை.