பெரிய சபையிலிருந்து சின்ன சபைக்கு

நியூஸிலாந்து என்னும் தேசத்தை நம் சங்கத்து அன்பர்களில் பெரும்பாலோர் கிரிக்கெட் ஆட்டத்தின் வாயிலாகவே அறிந்திருப்பர். தென்கடலில் இரண்டு பெருந்தீவுகள். மக்கள் தொகை ஐம்பது லட்சத்துக்குச் சற்று மிகுதி. மக்களைக் காட்டிலும் ஆடுகள் பன்மடங்கு. நமக்கும் இவ்வளவே தெரிந்திருந்தது. அத்தேசத்துப் பசுமைக் கட்சியைச் சேர்ந்த ஸூ கெட்ஜ்லி என்னும் அம்மையாரின் பொதுவாழ்வைப் பற்றிப் படிக்க நேர்ந்த பின்னர், அதனை நம் இதழ் வாசகர்க்கு எடுத்துரைக்க வேண்டுமென்ற ஆவல் எழுந்தது. குழந்தையின் சிற்றுண்டி, கூடத்திலுள்ள தொலைக்காட்சிப் பெட்டி, வட்டார மருத்துவமனை ஆகிய அவர் எடுத்துக்கொண்ட காரியங்கள் நம் இல்லங்களிலும் நாள்தோறும் பேசப்படுவன. அவற்றுள் சில கைகூடின. சில, கைகூடிய சில மாதங்களிலேயே கலைக்கப்பட்டன. கலைந்த கதைதான் நம் மனத்தை மிகுதியும் பற்றிக்கொண்டது.

அம்மையார் 1948-இல் பிறந்தவர். இளம் பருவத்தில் பெண்ணுரிமை இயக்கத்தில் உழைத்தார். பின்னர் நியூயார்க் நகரில் ஐக்கிய நாடுகள் சபையில் சில ஆண்டுகள் பணியாற்றினார். தாயகம் திரும்பித் தொலைக்காட்சித் துறையில் செய்தியாளராகவும் தயாரிப்பாளராகவும் இருந்தார். 1992-இல் தலைநகராகிய வெல்லிங்டனின் நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1999-இல் பார்லிமெண்டு உறுப்பினரானார்.

அந்த 1999-ஆம் ஆண்டுத் தேர்தலைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். அங்கே 1996 முதல் ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள்; ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றொன்று கட்சிக்கு. கட்சி வாக்கில் நூற்றுக்கு ஐந்து பங்கு பெற்றாலோ, ஒரு தொகுதியிலேனும் வென்றாலோ, அக்கட்சிக்கு விகிதப்படி இடங்கள் கிடைக்கும். தேர்தல் நாளிரவு எண்ணி முடித்தபோது பசுமைக் கட்சி ஐந்து பங்கையும் எட்டவில்லை. அதன் தலைவி நின்ற கோரமண்டல் தொகுதியும் கிட்டவில்லை. (சோழமண்டலக் கரையை ஆங்கிலேயர் திரித்து வழங்கிய அதே பெயர்தான் அது. அப்பெயர் கொண்ட கப்பலொன்று அங்கே சென்றதால் அக்கரைக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது!) கட்சி வெளியே நின்றுவிட்டது என்றே பலரும் எண்ணினர்.

ஆனால் சிறப்பு வாக்குகள் என்று ஒரு வகை எஞ்சியிருந்தது. தேர்தலன்று தம் தொகுதியை விட்டு வேறிடத்தில் இருப்போரும், கடல் கடந்து வாழ்வோரும், அச்சிட்ட பட்டியலில் பெயர் விடுபட்டோரும் அளிக்கும் வாக்குகள் அவை. பொறுமையாகச் சரிபார்த்துப் பின்னரே எண்ணப்படுவன. அவற்றை எண்ணி முடித்தபோது கோரமண்டல் தொகுதியும் கைக்கு வந்தது. கட்சியின் பங்கும் நூற்றுக்கு 5.16 ஆயிற்று. ஏழு பேர் பார்லிமெண்டினுள் நுழைந்தனர். அவர்களுள் ஒருவர் கெட்ஜ்லி அம்மையார். வீட்டை விட்டு விலகியிருந்தோரின் வாக்குக்கும் அந்த வெற்றியில் பங்குண்டு என்பதைப் படித்தபோது, பிழைப்பின் பொருட்டு ஊர் மாறி ஊர் வந்திருக்கும் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாயிற்று.

பார்லிமெண்டில் அவர் விடாது பேசியது உணவைப் பற்றி. கடையில் விற்கும் பண்டம் எந்தத் தேசத்தில் விளைந்தது, அதனுள் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்பதை வாங்குவோர் அறிய உரிமையுண்டு என்றார். கோழிகளை இறகு விரிக்கவும் இடமில்லாத கம்பிக் கூடுகளில் அடைத்து வைப்பதை எதிர்த்தார். அவர் சபையை விட்டு விலகிப் பல்லாண்டு கழிந்து, 2023-ஆம் ஆண்டு பிறந்தபோதுதான் அந்தக் கூடுகள் அங்கே சட்டப்படி ஒழிந்தன. இத்தகைய காரியங்களில் விதைத்தவரே அறுப்பது அரிது.

2005 முதல் 2008 வரை அவர் பார்லிமெண்டின் சுகாதாரக் குழுவுக்குத் தலைமை வகித்தார். குழந்தைகள் மிதமிஞ்சிப் பருப்பதும், நடுவயதில் வர வேண்டிய நீரிழிவு இளமையிலேயே வருவதும் ஏன் என்று அக்குழு விசாரித்து 2007 ஆகஸ்டில் அறிக்கை அளித்தது. சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த தின்பண்டங்களைக் குழந்தைகள் பார்க்கும் நேரத்தில் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்த வேண்டுமென்று அம்மையார் பல்லாண்டுகளாக வற்புறுத்தி வந்தார். தொலைக்காட்சியின் உள்ளிருந்து வேலை செய்தவராதலால், விளம்பரம் குழந்தையின் மனத்தில் எவ்வாறு புகுகிறதென்பதை அவர் நேரில் கண்டவர்.

பள்ளிச் சிற்றுண்டிச் சாலைகளைப் பற்றியும் இடைவிடாது பேசினார். 2008 ஜூன் மாதத்தில், பள்ளிகளில் உணவு விற்பதாயின் உடலுக்கு நலம் பயக்கும் உணவையே விற்க வேண்டும் என்னும் விதி அத்தேசத்தில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு இறுதியில் ஆட்சி மாறிற்று. 2009 பிப்ரவரியில் புதிய சர்க்கார் அவ்விதியை நீக்கிவிட்டது. எதை விற்பதென்பது பள்ளியின் பொறுப்பு, சர்க்கார் காவல் காக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம். பல ஆண்டு உழைப்பு எட்டே மாதங்களில் மறைந்தது.

இங்கு நம் மகள் படிக்கும் பள்ளியின் வாயிலை நினைக்காதிருக்க முடியவில்லை. நம் தேசத்திலும் 2020-இல் உணவுப் பாதுகாப்பு விதி ஒன்று பிறந்தது. பள்ளிக்குள்ளும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கலாகாது என்பது அவ்விதி. வாயிலுக்கு எதிரே, இருபது தப்படி தூரத்தில், சரம் சரமாகத் தொங்கும் வறுவல் பொட்டலங்களும் நிறம் ஏற்றிய பானங்களும் மாலைதோறும் விற்றுத் தீர்கின்றன. அங்கே விதியை நீக்கிவிட்டனர். இங்கே விதி நீங்காமலே இருக்கிறது. இதைக் கேட்க வேண்டிய இடம் எது என்று பெற்றோர் கூட்டத்தில் வினவினோம். ஒருவர் பள்ளி என்றார், ஒருவர் நகராட்சி என்றார், ஒருவர் நம்மைப் பார்த்து, “நீங்கள் மதராஸ்காரர்தானே, இரண்டு வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுவீர்களே” என்றார். சொன்னவர் நல்லவர், கேலியாகச் சொல்லவுமில்லை.

அம்மையாரின் கருத்துக்கள் யாவும் நமக்கு உடன்பாடானவை அல்ல. மரபணு மாற்றிய உணவைப் பற்றி அவருக்கிருந்த அச்சம் மிகுதியானதென்றே கருதுகிறோம். சோதித்து அனுமதிக்கப்பட்ட அத்தகைய உணவுகள் மற்ற உணவைவிடக் கெடுதலானவை என்பதற்குச் சான்றில்லை என்றே அறிவியற் சபைகள் பலவும் உரைத்துள்ளன. எனினும் பொட்டலத்தின் மீது உண்மையை எழுதுங்கள் என்று அவர் கேட்டதில் தவறேதும் காணோம். எழுதியதைப் படித்து வாங்குவதும் விடுவதும் வாங்குவோர் பாடு.

2007-இல் அவரது மசோதாவை அடியாகக் கொண்டு ஒரு சட்டம் நிறைவேறிற்று. குழந்தைகளையோ நோயுற்றோரையோ பராமரிக்கும் தொழிலாளி, தன் வேலை நேரத்தை மாற்றித் தருமாறு முதலாளியிடம் முறைப்படி கேட்கலாம். முதலாளி அதனைப் பரிசீலித்தே ஆக வேண்டும். இரவுப் பணி முடிந்து விடியலில் வீடு திரும்பும் ரயில்வே குடும்பத்தார்க்கு இச்சட்டத்தின் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை.

இனித் தொலைக்காட்சி. அத்தேசத்துப் பொதுத் தொலைக்காட்சி, பெயருக்குப் பொதுவுடைமையாயினும், பெரும்பாலும் விளம்பர வருவாயைக் கொண்டே நடப்பது. 2008 மார்ச்சில் சர்க்கார் பொருளுதவியுடன், விளம்பரமின்றி, செய்தியும் விவாதமும் ஆவணப் படங்களும் காட்டும் அலைவரிசை ஒன்று தொடங்கப்பட்டது. அதன் பெயர் டி.வி.என்.இஸட். 7. பொருளுதவி இனித் தொடராது என்று 2011-இல் சர்க்கார் முடிவு செய்தது. மூடலாகாது என்று குரல் எழுப்பியவர்களுள் கெட்ஜ்லி அம்மையாரும் ஒருவர். பலனில்லை. 2012 ஜூன் 30-ஆம் நாளோடு அது நின்றுபோயிற்று.

ஒரு அலைவரிசை நின்றால் என்ன, நூறு இருக்கின்றனவே என்று கேட்கத் தோன்றும். நம் இல்லங்களையே பார்ப்போம். மதுரையில் மழை பெய்தால் அரை மணி நேரத்தில் நம் கைபேசிக்குச் செய்தி வந்துவிடுகிறது. திருநெல்வேலியில் எவர் மேயர் என்று நம் சிறுவரும் சொல்வர். நாம் குடியிருக்கும் வார்டின் கவுன்சிலர் யாரென்று கேட்டால் விழிப்போம். இவ்வூர்ப் பத்திரிகையை நம்மில் பலர் எழுத்துக் கூட்டியே படிக்கிறோம். சிலர் அதையும் விட்டுவிட்டோம். குழாய் பதிக்கும் செய்தி, வாயிலில் பள்ளம் தோண்டிய பின்னரே நமக்கு எட்டுகிறது. அடுத்த வீதியில் நடப்பதைச் சொல்லுவோர் இல்லாவிடில், நூறு அலைவரிசையால் அடுத்த வீதிக்குப் பயனில்லை.

அம்மையாரின் வாழ்வில் நம்மை வியப்பில் ஆழ்த்தியது மற்றொன்று. அவர் 2011-இல் பார்லிமெண்டை விட்டு விலகினார். அதற்கு முந்திய ஆண்டே வெல்லிங்டன் வட்டார சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். 2019 வரை அங்கே உறுப்பினராயிருந்தார். வட்டார சுகாதார வாரியத்திலும் பணியாற்றினார். நம் பக்கத்தில் பஞ்சாயத்திலிருந்து சட்டசபைக்கும், அங்கிருந்து டெல்லிக்கும் போவதே ஏற்றம் என்பர். டெல்லியிலிருந்து ஒருவர் நகரசபைக்கு வந்து நின்றால், “பாவம், சீட்டுக் கிடைக்கவில்லை போலும்” என்போம். வெல்லிங்டன் வட்டார சபையின் வேலையோ குடிநீர் வழங்குவது, ஆற்று வெள்ளத்தைத் தடுப்பது, பேருந்துக்கும் ரயிலுக்கும் ஏற்பாடு செய்வது. மேலே கம்பியில் மின்சாரம் எடுத்து ஓடும் டிராலி பஸ்கள் அந்நகரில் நெடுநாளாக ஓடின. அம்மையார் உறுப்பினராயிருந்த காலத்திலேயே, 2017 அக்டோபர் 31-இல், அவை நிறுத்தப்பட்டன. காற்று மாசுபடாத வண்டியை நிறுத்திவிட்டு டீசல் வண்டிகளைப் பெருக்குவதா என்று ஊரே வாதிட்டது. பெரிய சபையில் பேசும் சுகாதாரம், சின்ன சபையில் பஸ்ஸின் புகையாக வந்து நிற்கிறது.

சுகாதார வாரியங்களின் கதை இன்னும் துயரமானது. 2001 முதல் அத்தேசத்து மருத்துவமனைகளை வட்டார வாரியங்கள் நடத்தி வந்தன. முடிவில் 20 வாரியங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 11 பேர் வரை. அவர்களுள் ஏழு பேரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். 2022 ஜூலை 1-இல் அவை அனைத்தும் ஒழிக்கப்பட்டுத் தேசம் முழுமைக்கும் ஒரே நிறுவனம் ஏற்பட்டது. வட்டாரத்துக்கு வட்டாரம் சிகிச்சையின் தரம் வேறுபடுகிறது என்று சர்க்கார் கூறிய காரணத்தைப் புறந்தள்ள முடியாது. ஆனால் அவ்வேழு பேரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உடன் போயிற்று. பெரிய எதிர்ப்பில்லை, எப்படி இருக்கும்? அங்கே பொதுத் தேர்தலில் ஐந்தில் நால்வர் அளவுக்கு வாக்களிக்கின்றனர். ஸ்தல ஸ்தாபனத் தேர்தலில், வாக்குச் சீட்டு அஞ்சலில் வீடு தேடி வந்தும், பாதிப் பேர்கூட வாக்களிப்பதில்லை. ஆளில்லாத ஸ்டேஷனில் வண்டி நிற்பதை நிறுத்திவிடுவது எளிது என்று எங்கள் ஆபீசில் சொல்வதுண்டு.

நம் தேசமும் இதில் குறைந்ததன்று. அரசியல் சட்டத்தின் 74-ஆம் திருத்தம் 1993 ஜூனில் அமலுக்கு வந்த பின்னரும், சென்னை மாநகராட்சி 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை தேர்ந்தெடுத்த உறுப்பினர் இன்றியே இருந்தது. பெங்களூரில் மாநகராட்சியின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளிலும் தேர்தல் நடக்கவில்லை. சட்டசபைத் தேர்தலை ஆறு மாதம் தள்ளினால் ஊர் கொதித்தெழும். இதற்கோ தேநீர்க் கடையில்கூடப் பேச்சில்லை.

நியூஸிலாந்தில் பிரஜா உரிமை பெறாதவரும், நிலையாகத் தங்கும் அனுமதி பெற்று ஓராண்டு அங்கே வாழ்ந்திருந்தால் வாக்களிக்கலாம். நாமோ நம் தேசத்துக்குள்ளேயே ஊர் மாறியவர்கள், பிரஜைகள். வழக்கமாகக் குடியிருக்கும் இடமே வாக்குரிமைக்கு இடம் என்று 1950-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆயினும் நம்மில் பலர் சொந்த ஊர்ப் பட்டியலிலுள்ள பெயரை எடுக்க மனமின்றி இருக்கின்றனர். அந்த மனத்தை நாம் அறிவோம். பெயரை எடுத்தால் ஊரோடு இருந்த கடைசிக் கயிறும் அறுந்துவிடும் என்று நம் அன்னையார் கண் கலங்கியதுண்டு. “பேரை எடுத்துட்டா நாளைக்கு ஊருக்குப் போனா நம்மளை யாருன்னு கேப்பாங்கடா” என்றார். அவருக்கு மறுமொழி சொல்ல நம்மிடம் வார்த்தையில்லை. அவர் பெயர் இன்றும் ஊர்ப் பட்டியலிலேயே உள்ளது. நம்முடையதும் நம் துணைவியுடையதும் இவ்வூர்ப் பட்டியலுக்கு வந்துவிட்டன. சாக்கடை இங்கே அல்லவா தேங்குகிறது!

குடியிருப்பு மாறியவர் பெயரை மாற்ற எழுதித் தர வேண்டியது 8-ஆம் எண் படிவம். புதிதாகச் சேர்வோர்க்கு 6-ஆம் எண். பதினெட்டு வயது நிறைவதைக் கணக்கிட இப்போது ஆண்டுக்கு நான்கு நாட்கள் உண்டு: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள். இவ்வூர் மொழியில் நிரப்பத் தயங்குவோர், ஞாயிறு காலையில் சங்க வாசகசாலைக்குக் குடியிருப்புச் சான்றுடன் வருக. இரவுப் பணி இல்லாத ஞாயிறுகளில் நாமும் அங்கே இருப்போம்.