குடிசன மதிப்பும் குடிவழியும்

விழா மலருக்குக் கட்டுரை வேண்டியோர், பழைய நாளைக் குறித்து எழுதுக என்றனர். கல்லூரி நாட்களைக் குறித்து எழுதவல்லார் பலர் உளர். யாமோ, அதனினும் பழைய நாளொன்றைத் தேடிச் சில ஆண்டுகளாக ஏடுகளைப் புரட்டிவருகின்றோம். மருதமுனையில் எம் முன்னோர் யாவர், எவ்வழி வந்தனர் என்பதே எம் தேட்டம். அதிற் கண்டவற்றுட் சில மாணவர்க்கும் பயன்படுமெனக் கருதி ஈண்டுக் கூறுகின்றோம்.

எம் வீட்டுப் பெட்டகத்திலிருந்த காணி உறுதிகளும், பிறப்புப் பத்திரங்களும், மூத்தோர் கையெழுத்துக் குறிப்புகளும் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடலோடு சென்றன. அன்று எம்மூர் இழந்த உயிர்களை எண்ணுங்கால் காகிதம் ஒரு பொருட்டன்று. ஆயினும் ஆண்டுகள் சில சென்றபின், எம் பேத்தி ஒருத்தி, "உங்கட உம்மும்மாட உம்மாக்கு என்ன பேர்?" என்று வினவினாள். தாயின் தாயாரை உம்மும்மா என்பது எம்மூர் வழக்கு. அவருடைய தாயாரின் பெயரைச் சொல்ல வீட்டில் ஒருவரேனும் இலர். நான்கு தலைமுறைக்குள் ஒரு பெண்ணின் பெயர் மறைந்துவிட்டது என்ற எண்ணமே எம்மைத் தேடத் தூண்டிற்று.

இங்கிலாந்து முதலிய நாடுகளில் இத்தகைய வினாவுக்கு விடை காண்போர் குடிசன மதிப்பேடுகளையே முதலில் நாடுவர். அங்கு 1841ஆம் ஆண்டு முதலாக வீடுதோறும் எழுதப்பட்ட பெயர்களுட் பெரும்பாலன பேணப்பட்டு, நூறாண்டு கழிந்தபின் பொதுமக்கள் பார்வைக்கு விடப்படுகின்றன. 1921ஆம் ஆண்டின் ஏடுகள் 2022இல் வெளிவந்தன. அமெரிக்காவில் 72 ஆண்டு காத்திருந்தாற் போதும். ஒருவர் தம் பாட்டனார் எந்தத் தெருவில், யாருடன், என்ன தொழில் செய்து வாழ்ந்தார் என்பதை ஒரே பக்கத்திற் கண்டுகொள்ளலாம்.

நம் நாட்டின் நிலை வேறு. இலங்கை முழுவதற்குமான முதலாவது முறையான குடிசன மதிப்பு 1871ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் நடைபெற்றது. எண்ணப்பட்டோர் 24 இலட்சத்து 380 பேர். 1901ஆம் ஆண்டின் மதிப்பைச் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் முன்னின்று நடத்தி அறிக்கை எழுதினார். 1931இல் பொருளாதார மந்தத்தினால் வினாக்கள் சுருக்கப்பட்டன. 1941இல் நடக்கவேண்டியது போரினால் 1946வரை தள்ளிப்போயிற்று. இவற்றின் அறிக்கைகளையும் அட்டவணைகளையும் நூலகங்களிற் படிக்கலாம். ஆயின் வீடுதோறும் பெயரெழுதிய படிவங்கள் நம் பார்வைக்கு எட்டுவனவல்ல. எண் உண்டு, பெயர் இல்லை.

எனினும் எண்ணை இகழ்தல் தகாது. அது ஒரு பெயருக்கு இடமும் காலமும் தருவது. அம்பாறை மாவட்டம் 1961இலே தோன்றியது. ஆகவே அதற்கு முற்பட்ட அறிக்கைகளில் எம்மூரை மட்டக்களப்பு மாவட்டத்தின் கீழ், கரவாகுப் பற்றிலே தேடுதல் வேண்டும். 1911ஆம் ஆண்டின் மதிப்பில் இலங்கைச் சோனகரும் இந்தியச் சோனகரும் வெவ்வேறாகக் கணக்கிடப்பட்டனர். நம் பாட்டன்மாரை ஆள்வோர் எவ்வாறு வகுத்தனர் என்பதை அதனால் அறிகின்றோம்.

மதிப்பீட்டாளர் கையாளும் ஒரு முறையும் எமக்கு உதவிற்று. தம் வயதை அறியாத முதியோரை வயது கேட்டால், அறுபது, அறுபத்தைந்து என்று முழு எண்ணாகவே கூறுவர். ஆதலின் யாவருமறிந்த நிகழ்ச்சியொன்றைச் சொல்லி, அப்போது நீர் எவ்வளவு பிள்ளை என்று கேட்டுக் கணித்துக்கொள்வது வழக்கம். எம் கரையில் 1957ஆம் ஆண்டு வெள்ளமும் 1978ஆம் ஆண்டு சூறாவளியும் அதற்கேற்ற அடையாளங்கள். "வெள்ளத்துக்குள்ள மூத்தவன் கைப்பிள்ளை" என்று ஒரு மூதாட்டியார் கூறிய ஒரு சொல், பத்திரமொன்று செய்யவேண்டிய வேலையைச் செய்தது.

இனி, பெயர் எழுதப்பட்ட ஏடுகள் எவை? பிறப்பு, இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டின் சட்டத்தோடு தொடங்கியது. தொலைந்த பத்திரத்தின் பிரதியைப் பிரதேச செயலகத்திற் பெறலாம். 1931இல் ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. அதனால் வாக்காளர் இடாப்பில் பெண்டிர் பெயரும் இடம்பெறலாயிற்று. பள்ளிக்கூடச் சேர்விடாப்பும், காணிப் பதிவகத்து உறுதிப் பிரதிகளும் அவ்வாறே பயன்தருவன. தேடுவோர் எழுத்து வேறுபாட்டுக்கு அஞ்சலாகாது. லெப்பை என்ற ஒரு பெயரையே எழுதுவினைஞர் ஆங்கிலத்தில் வெவ்வேறு விதமாக எழுதிவைத்துள்ளனர்.

இவ்வேடுகளைப் புரட்டுந்தோறும் ஓர் உண்மை எமக்குத் தெளிவாயிற்று. அவற்றுட் பெரும்பாலன தந்தைவழியையே கேட்கின்றன. எம் தலைமுறையினரின் பிறப்புப் பத்திரத்திற் பாட்டனாரின் பெயருக்கும் பிறந்த ஆண்டுக்கும் ஒரு கட்டம் உண்டு, பாட்டியாருக்கு இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தை, பாட்டன், பூட்டன் என்றே வழியைப் பார்த்தது. தாய்வழியாலும் அவ்வுரிமை கிடைத்தற்கு 2003ஆம் ஆண்டின் திருத்தம் வரவேண்டியிருந்தது. தந்தை பிறந்ததற்குப் பத்திரம் காட்ட இயலாமையால் மலைநாட்டுத் தோட்டத் தமிழர் நாடற்றவரானமை யாவரும் அறிந்ததே. ஆதலின் முன்னோர் பெயரைத் தேடுதல் வெறும் பொழுதுபோக்கன்று.

எம் கரையிலோ குடி என்பது தாய்வழி வருவது. தாயின் குடியே பிள்ளைகளின் குடி. ஒரே குடியினர் தம்முள் மணம் செய்யார். வீடும் பெண்ணுக்கே சீதனமாகும். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். பள்ளிவாசல் மரைக்காயர்களைக் குடிவாரியாகத் தெரிவதும், அயலிலுள்ள தமிழ் ஊர்களிற் கோயில் உரிமைகள் குடிவழி நிற்றலும் ஒரே மரபின் இரு கிளைகள். வித்துவான் வி. சீ. கந்தையா அவர்களின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வெளிவந்தது. அமெரிக்க மானிடவியலறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் ஆய்ந்தெழுதிய நூல் 2008இல் வெளிவந்தது. இம்மரபை விரிவாக அறிய விரும்புவோர் அவற்றைக் கற்க.

ஆகவே, தந்தை பெயரைப் பற்றிச் செல்லும் ஏடு, தாய்வழி வந்த வரலாற்றைப் பாதிவழியில் விட்டுவிடுகின்றது. எம் தேடலிலும் அவ்வாறே நேர்ந்தது. இறப்புப் பதிவு உம்மும்மாவின் தந்தையார் பெயரோடு நின்றது. பின்னர், அவர் வாழ்ந்த வளவு அவருக்கு எவ்வாறு வந்தது என்று கேட்டுப் பார்த்தோம். காணிப் பதிவகத்தில் அவ்வளவைக் குறித்த சீதன உறுதியின் பிரதி கிடைத்தது. வளவைக் கொடுத்தவர் அவருடைய தாயார். அவர் பெயர் அதில் முழுமையாக எழுதப்பட்டிருந்தது. கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளம் இடப்பட்டதென்ற குறிப்பும் இருந்தது.

பெயர் கிடைத்தபின்னும் குடி கிடைத்திலது. உறுதியில் அதற்கு இடமில்லை. அதனை எமக்குச் சொன்னவர், தொண்ணூற்றை எட்டிய மாமி ஒருவர். தறியில் நெய்து தம் பிள்ளைகளை வளர்த்தவர் அவர். பெயரைக் கேட்டவுடனே குடியையும், அக்குடியிற் கொடுத்தவர் கொண்டவர் வரிசையையும் தயக்கமின்றி உரைத்தார். யாம் எழுதிக்கொண்ட எட்டாம் மாதத்தில் அவர் காலமானார். அன்று எழுதாதிருப்பின், எந்த அலுவலகத்துக்குச் சென்றும் அதனைப் பெற்றிருக்க முடியாது.

மாணவர்காள்! குடிசன மதிப்பு உங்கள் ஊரில் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்று சொல்லும். பதிவேடு அவருட் சிலரின் பெயரைச் சொல்லும். யார் யாருக்கு என்ன முறை என்பதை உங்கள் வீட்டு மூதாட்டியரே சொல்லவல்லார். இவ்விடுமுறையில் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவர்களிடம் செல்லுங்கள். தாயாரின் பெயர், அவர் பிறந்த வீடு, அவருடைய குடி ஆகிய மூன்றையும் முதலிற் கேளுங்கள். கேட்டவற்றை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றைக் கடற்கரைக்கு அப்பால் வாழும் உறவினரிடம் கொடுத்துவையுங்கள். பதிவகம் நாளையும் திறந்திருக்கும். மூதாட்டியரோ நமக்காகக் காத்திரார்.