உப்பு மாவில் ஒரு குடில்

திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு கழிந்துவிட்டால், ஜவ்வாது மலையிலுள்ள எங்கள் சிற்றில்லத்தில் அம்மிக்கு ஓய்வில்லை. மிளகாய் அரைப்பதற்கன்று, கல்லுப்பைப் பொடிப்பதற்கு. பளபளக்கும் மணிகளும் உருண்டைகளும் ஜமுனாமரத்தூர்க் கடைகளுக்கும் வந்துவிட்டன. ஆயினும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வேண்டிய அணிகளைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே உப்பு மாவில் செய்யட்டும் என்று சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் முடிவு செய்தோம்.

இது எங்கள் கண்டுபிடிப்பன்று. ஜெர்மானிய நாட்டில் இதனைச் 'சால்ட்ஸ்டைக்' என்பர். உப்பு மாவு என்பதே அதன் பொருள். 1223-இல் இத்தாலியிலுள்ள கிரெச்சோ என்னும் சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் பிறப்புக் காட்சியை அமைத்தபோது, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். எங்கள் மாடும் கழுதையும் மாவினால் ஆனவை. கழுதைக்குச் சில ஆண்டுகளில் மூன்று கால்களே இருப்பதுண்டு.

செய்முறை எளிது. இரண்டு டம்ளர் கோதுமை மாவுக்கு ஒரு டம்ளர் பொடித்த உப்பு. தண்ணீர் ஒரு டம்ளருக்குச் சற்றுக் குறைவாகச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக இருத்தல் நலம். கால் அங்குலக் கனத்துக்கு மேல் போனால் உள்ளே ஈரம் தங்கிவிடும். நூல் கோப்பதற்கான துளையை ஈரமாக இருக்கும்போதே ஈர்க்குச்சியால் இட்டுவிட வேண்டும். காய்ந்தபின் துளையிட முயன்றால் விண்மீன் இரண்டாகும். முதல் ஆண்டில், மலையில் விளையும் சாமை இருக்கக் கோதுமை எதற்கு என்று எண்ணிச் சாமை மாவில் பிசைந்தோம். கோதுமைக்குள்ள பசைத்தன்மை சாமைக்கு இல்லையாதலால், பாலன் இயேசு பிள்ளைகளின் கையிலேயே உதிர்ந்து போனார். அன்று அழுத அழுகையை இன்னும் மறக்கவில்லை.

காய வைப்பதுதான் மலையில் பெரும் சோதனை. டிசம்பரில் இங்கே மூடுபனி; வடகிழக்குப் பருவமழையும் முழுதும் விடைபெற்றிருக்காது. உப்போ காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஆதலால் இருப்புச் சட்டியைத் தணலின்மேல் வைத்து, நெருப்பை அடக்கி, இரண்டு மூன்று மணி நேரம் திருப்பித் திருப்பி உலர்த்துவோம். பிறகு அடுப்புக்கு மேலுள்ள பரணில் இரண்டு நாள். வண்ணத்துக்கு மஞ்சள், செங்காவி, அடுப்புக்கரி போதும். நாயுள்ள வீட்டார் இம்மாவை அதற்கு எட்டாமல் வைப்பாராக. இவ்வளவு உப்பு நாயின் உயிருக்கே கேடு.

2024-ஆம் ஆண்டைப் பற்றித்தான் எழுத எண்ணினோம். பெஞ்சல் புயல் நவம்பர் 30-இல் கரையைக் கடந்து, திருவண்ணாமலையில் மண் சரிந்து எழுவர் மாண்ட ஆண்டு அது. மழை நின்று பல நாட்கள் சென்றும் எங்கள் சுவர்கள் உலரவில்லை. அரையாண்டு விடுமுறையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எங்கள் திண்ணையில் கூடினர். அவர்களுள் பெரும்பாலோர் நம் சமயத்தவர் அல்லர். மாவைப் பிசைந்து கொண்டிருந்தபோது ஆயா வந்து வாசற்படியில் நின்றார்.

"ஏம்பா, தின்னுற மாவுல பொம்மையா? உப்பைக் கொட்டி விளையாடறதா?" என்றார்.

உப்பை ஆயா மதிக்கும் விதம் வேறு. கீழே சமவெளியிலிருந்து உப்பைத் தலைச்சுமையாய்க் கொண்டுவந்த கதைகளைத் தம் தாயாரிடம் கேட்டு வளர்ந்தவர் அவர். 1969-இல் புதிய சடங்குமுறை வெளியாகும்வரை, ஞானஸ்நானத்தின்போது குழந்தையின் நாவில் குரு ஆசீர்வதித்த உப்பை வைப்பது வழக்கம். தம் மூத்த பிள்ளை அந்த உப்புக்கு முகத்தைச் சுளித்ததை ஆயா இன்றும் நடித்துக் காட்டுவார். உப்பு அவருக்கு விளையாட்டுப் பொருளன்று.

"கொஞ்சம்தானே ஆயா, பிள்ளைகள் மகிழட்டும்" என்று நாங்கள் சிரித்து மழுப்பினோம்.

அப்போது ஓரத்தில் அமர்ந்திருந்த ஒரு சிறுமி, தான் உருட்டிய உருண்டையில் ஒரு பகுதியைக் கிள்ளி யாரும் காணாதபடி வாயிலிட்டாள். உப்புக் கரித்ததும் துப்பிவிட்டு எங்களை அச்சத்துடன் பார்த்தாள். மற்றப் பிள்ளைகள் நகைத்தனர். ஆயா நகைக்கவில்லை. "காலையில என்ன சாப்பிட்ட கண்ணு?" என்று கேட்டார். அவள் தலை கவிழ்ந்தாள். பெற்றோர் வேலைக்காகக் கீழே போயிருந்தனர். 2022-இல் தொடங்கி மறு ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தினால் பள்ளி நாட்களில் அவளுக்குக் குறையில்லை. விடுமுறையில் பள்ளி ஏது? இத்தனை நாள் அப்பிள்ளைகளோடு பழகியும் இக்கேள்வி எங்களுக்குத் தோன்றாமல் போனது வெட்கமாகவே இருந்தது.

ஆயா ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்று, மீதமிருந்த கோதுமை மாவைத் தாமே எடுத்து வைத்துக் கொண்டார். அரை மணியில் சாமைக் கஞ்சி திண்ணைக்கு வந்தது. அதன்பின் அவர் ஒரு கட்டளை இட்டார்: பொம்மைக்கு எத்தனை டம்ளர் மாவு எடுக்கிறோமோ, அத்தனை டம்ளர் சாமை முதலில் உலையில் விழ வேண்டும். விடுமுறை முழுதும் அப்படியே நடந்தது. செலவு எங்களுக்குச் சிறிது கடினமாகவே இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

கஞ்சி குடித்தபின் பிள்ளைகள் செய்தவற்றைப் பார்க்க வேண்டுமே! பலாப்பழம், தேனடை, சாமைக் கதிர், ஆட்டுக்குட்டிகள். அச்சிறுமி மட்டும் அரைக்கோளம் ஒன்றைச் செய்து, நடுவில் பிளவிட்டாள். "இது என்ன?" என்றோம். "காவலூரு" என்றாள். விண்மீன்களைப் பார்க்கும் காவலூர் ஆய்வுக்கூடத்தின் குவிமாடம்! 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் அந்த ஆய்வுக்கூடத்துக்கும் வைணு பாப்பு அவர்களின் பெயரைப் பிரதமர் இராஜீவ் காந்தி சூட்டியது 1986 ஜனவரி 6-ஆம் நாள். மூன்று அரசர் திருநாளும் அதுவே. குடிலில் மூன்று அரசர்களுக்குப் பின்னால் அந்தக் குவிமாடத்தை வைத்தோம்.

இரவுப் பனியில் எல்லாம் மீண்டும் இளகின. கிளையில் தொங்கிய விண்மீன்களிலிருந்து உப்புநீர் சொட்டி, தரையில் வெண்புள்ளிகள் காய்ந்தன. ஆயா தினமும் அவற்றைக் கழற்றிப் பரணில் ஏற்றுவார். மாலையில் பிள்ளைகள் மீண்டும் கட்டுவர். திருநாட்கள் முடிந்ததும் பொம்மைகளைத் தகர டப்பாவில் இட்டு மூடினோம். குவிமாடம் மட்டும் அதில் இல்லை. ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்து போன அதனை, ஆயா அடுப்படி மாடத்தில் உப்புச் சாடிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.