சுண்ணாம்பு தடவிய பானை

லீட்ஸ் நகரில் முதுகலை படித்த ஆண்டில், அம்மாவிடம் சொல்லாமல் நான் போய்வந்த ஒரே இடம் ஒரு பப். குடிக்க இல்லை. அறிவியல் கேட்க.

மாதம் ஒரு மாலை அதன் மாடியறைக்கு யாராவது ஓர் ஆய்வாளர் வருவார். திரையில்லை, படமில்லை. 20 நிமிடம் பேசுவார். கோப்பைகளை நிரப்பிக்கொள்ள ஓர் இடைவேளை. அதன்பிறகு ஒரு மணி நேரம் கேள்விகள். உண்மையில் கூட்டமே அதற்குத்தான் வரும்.

இந்த வழக்கத்துக்கு அந்த ஊரோடு உறவு உண்டு. 1992-இல் பாரிஸ் காப்பிக்கடை ஒன்றில் மார்க் சொதே, வருகிறவர் போகிறவரோடெல்லாம் தத்துவம் பேச ஆரம்பித்தார். அந்த முறையைப் பின்பற்றி, டங்கன் டாலஸ் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர் 1998-இல் லீட்ஸில் அறிவியலுக்காக 'கஃபே சியான்டிஃபிக்' தொடங்கினார். 2013 மே மாதம் பிரவீன் பாலும் மைக்கல் மோட்ஸ்கினும் 'பைண்ட் ஆஃப் சயின்ஸ்' என்று அதை ஒரு விழாவாகவே பப்புகளில் நடத்தினார்கள். பப் ஏன்? விரிவுரை மண்டபத்தில் கேள்வி கேட்டால் நம் அறியாமை வெளியே தெரியும். பப்பில் கேட்டால் அது பேச்சு, அவ்வளவுதான்.

ஆனாலும் முதல் மூன்று மாதம் நான் வாயே திறக்கவில்லை. ஆரஞ்சுச் சாற்றோடு மூலையில் உட்கார்ந்திருப்பேன். படியேறும்போதே அடிக்கும் புளித்த வாடை எனக்குப் பழகிய வாடை. அதுதான் பிரச்சினை.

நான் கெடாவில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அம்மாவின் அப்பா தோட்டத்துக் கள்ளுக்கடைக்குத் தென்னையிலிருந்து கள் இறக்கியவர். அதைக் குடித்தே, பிறகு சம்சுவுக்கு மாறி, ஈரல் கெட்டு 38 வயதில் போனவர் அவருடைய ஒரே மகன், என் மாமா. 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி மறியல் செய்த கதையை அம்மா பெருமையாகச் சொல்லுவார். அந்தக் கதையில் தன் அப்பா எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று மட்டும் சொன்னதில்லை. பள்ளியில் தாத்தாவின் தொழிலைக் கேட்டபோது 'தோட்டத் தொழிலாளி' என்றேன். பொய்யில்லை.

நான்காவது மாதம் பேச வந்தவர் ஈஸ்ட் ஆய்வாளர். பியருக்கான மால்ட் சாற்றைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, தேர்ந்தெடுத்த ஈஸ்டைச் சேர்ப்பதைச் சொன்னார். சர்க்கரையைத் தின்று அது சாராயத்தையும் கரியமில வாயுவையும் விடுகிறது. எனக்குள் என்னவோ அரித்தது. கை தானாகத் தூக்கிக்கொண்டது.

"எங்கள் ஊரில் கள்ளுக்கு யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. பானையில் சொட்டும்போதே அது புளிக்க ஆரம்பித்துவிடும். எப்படி?"

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். பாளை, காற்று, பூச்சிகள், சீவும் கத்தி, பானை, எதிலிருந்தும் வரலாம் என்றார். இனிப்பாகவே வேண்டுமென்றால் என்ன செய்வார்கள் என்று திருப்பிக் கேட்டார்.

"தாத்தா பானைக்குள் சுண்ணாம்பு தடவுவார்."

ஏனென்று அவர் கூட்டத்தைக் கேட்டார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், "சுண்ணாம்பு காரம். அதில் ஈஸ்ட் தழைக்காது, அப்படித்தானே?" என்றார். அப்படித்தான். பிறகு பத்து நிமிடம் நான்தான் பேசினேன். விடியலில் இனிப்பது மாலையில் ஏறுவதையும், மறுநாள் காடியாவதையும், இடுப்பில் கத்தியோடு தாத்தா மரம் ஏறுவதையும். என் ஆங்கிலம் தடுமாறியது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. கெடாவில் விடிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"பொம்பளப் புள்ள, படிக்கப் போன எடத்துல கள்ளுக்கடைக்கா போற?"

"அறிவியல் பேசுறாங்கம்மா. தாத்தாவப் பத்திச் சொன்னேன். சுண்ணாம்பு தடவுறதப் பத்தி."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"அது பதநீருக்கு. கள்ளுப் பானைய சுத்தமா அலச மாட்டாரு. அடியில கொஞ்சம் மண்டி கெடக்கணும், அப்பத்தான் சீக்கிரம் புளிக்கும்னுவாரு. நாந்தான் பானை எடுத்துக் குடுப்பேன்."

மண்டியில் இருப்பதுதான் ஈஸ்ட் என்று நான் விளக்கத் தொடங்கினேன். அம்மா கேட்கவில்லை.

"அந்த ஆளுகிட்ட ஒண்ணு கேளு. ஒம் மாமன் எத்தன தடவ எந்தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணான். ஒரு மனுசனால ஏன் விட முடியல?"

அது அவர் துறை இல்லை, வேறு ஆள் வேண்டும் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். இத்தனை வருடமாக அம்மாவை யாரும் கேள்வி கேட்க விட்டதில்லை. அடுத்த மாதம் இன்னும் சீக்கிரமாகப் போனேன். பேச்சாளர்களை ஏற்பாடு செய்கிறவரைத் தேடிப் பிடித்து, மூளையையும் போதைப் பழக்கத்தையும் ஆராய்கிறவர் யாரையாவது கூப்பிட முடியுமா என்று கேட்டேன்.

"உங்கள் கேள்வி என்ன?" என்று குறிப்பேட்டைத் திறந்தார்.

"என் கேள்வி இல்லை. எங்க அம்மாவோடது," என்றேன்.