கல்லீரலோடு ஒரு பல்

உலோகம் எவ்வளவு என்று அளக்க வரும் ஓங்கிலின் கல்லீரலை எஃகுக் கத்தியால் அறுக்கக் கூடாது. கத்தியின் குரோமியமும் நிக்கலும் மாதிரியில் ஏறிவிடும். பீங்கான் கத்திதான் சரி. கோவையில் பவுண்டரிகளுக்கும் முலாம் பட்டறைகளுக்கும் நடுவே இந்த வேலையைச் செய்பவர்கள் தூசிக்கும் பயப்பட வேண்டும். அதனால் ஒவ்வொரு தொகுதியிலும் திசு போடாத, அமிலம் மட்டும் உள்ள ஒரு குடுவையும் சேர்ந்தே போகும். அதில் உலோகம் தெரிந்தால் அது எங்கள் அழுக்கு, கடலுடையது அல்ல.

எங்கள் ஆய்வகத்துக்கு வழக்கமாக வருவது நொய்யல் ஆற்று வண்டலும் குளத்து மீனும். கடல் பாலூட்டி எப்போதாவதுதான் வரும். 1972 வனஉயிர்ச் சட்டம் காக்கும் விலங்கு என்பதால், கரை ஒதுங்கி இறந்ததிலிருந்து அனுமதியோடு எடுத்த துண்டு மட்டுமே கிடைக்கும். அரை கிராம் எடுத்து, மூடிய டெஃப்லான் குடுவையில் நைட்ரிக் அமிலம் விட்டு மைக்ரோவேவில் கரைக்கிறோம். திறந்து வைத்துக் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகப் போய்விடும். கூடவே கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் தரும் சுறா ஈரல் பொடியையும் கரைப்போம். அதன் அளவு ஏற்கெனவே தெரியும். அது தப்பினால் அன்றைய தொகுதி மொத்தமும் குப்பைக்கு.

இவ்வளவு செய்து கிடைக்கும் எண் தனியாக எதையும் சொல்லாது. கல்லீரலில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். உலர் எடைக்குக் கணக்கிட்டால் அதே பாதரசம் நான்கு மடங்காகத் தெரியும். கணவாய் தின்னும் இனங்களின் சிறுநீரகத்தில் காட்மியம் இயல்பாகவே கூடுதல். வயது ஏற ஏறக் கல்லீரலில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும்; செலினியம் அதைப் பிடித்துக் கரையாத மணிகளாக ஒதுக்கி வைக்கும். எனவே கல்லீரல் அனுப்புகிறவர்களிடம் ஒரு பல்லையும் கேட்கிறேன். பல்லைக் குறுக்கே அறுத்தால் வளர்ச்சி அடுக்குகள் தெரியும், வயது கிடைக்கும்.

2016 ஜனவரியில் மணப்பாடு கரையில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. இப்படி நடந்தாலே கடல் மாசுதான் கொன்றது என்று பேச்சு கிளம்பிவிடும். அதே கரையில் 1973-லும் 147 ஒதுங்கியிருக்கின்றன. வழிதவறியதன் பின்னால் கூட்டமே போகிற இனம் அது. கல்லீரல் எண்ணை மட்டும் வைத்துச் சாவின் காரணம் எழுத என் கை வராது.

கிழட்டு விலங்கின் கல்லீரலில் பெரிய எண் வந்தால் நான் பதறுவதில்லை. குட்டியின் தசையில் மெத்தில் பாதரசம் கூடுதலாக இருந்தால்தான் பதறுகிறேன். அது நஞ்சுக்கொடி தாண்டிக் கருவின் மூளைக்குப் போகும் வடிவம். பைலட் திமிங்கல இறைச்சி உண்ணும் பரோ தீவினருக்கு, இனி உண்ண வேண்டாம் என்று அவர்களுடைய மருத்துவ அதிகாரிகளே 2008-ல் சொன்னதற்கும் அதுதான் முக்கியக் காரணம். ஆகவே கல்லீரல், பல்லோடு ஒரு துண்டு தசையும் வேண்டும், குட்டியானால் கட்டாயம் வேண்டும் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறேன்.