சுட்டுவிரல் வைக்கிறவர்

'தலைவர் சிலையின் விரல் உடைப்பு. போலீஸ் குவிப்பு' என்று தென்மாவட்டப் பதிப்புகளில் அவ்வப்போது செய்தி வரும். மறுநாள், 'சிலை சீரமைக்கப்பட்டதால் பதற்றம் தணிந்தது' என்று இரண்டு வரி. ராத்திரியோடு ராத்திரியாக ஏணியில் ஏறி அந்த விரலை வைத்தவர் யார் என்று எந்த நிருபரும் எழுதியதில்லை. ராஜபாளையத்து நண்பரிடம் இதைச் சொன்னபோது, "எங்க ஊர்லயே ஒருத்தர் இருக்காரு, வாங்க" என்றார்.

முடங்கியாறு சாலைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் அரிவாள் இன்னும் வராத கருப்பசாமி. பெரியவர் சின்ன வயதில் தாய்மாமனோடு கோபுரத்துச் சுதை வேலைக்குப் போனவர். கும்பாபிஷேக வேலை இல்லாத மாதங்களில் தலைவர்கள் சிலை. கம்பி கட்டி, கோழிவலை சுற்றி, சிமெண்டுக் கலவை அப்புவது வரை பார்த்தேன். மணல் சலிப்பதையும் நாள்கணக்கில் தண்ணீர் விடுவதையும் பார்க்க எனக்குப் பொறுமையில்லை. சிலையின் கையைச் செய்யத் தொடங்கியபோதுதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"முகம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் சனங்க ஒத்துக்கிடுவாக சார். கை மாறினா ஒத்துக்கிட மாட்டாக."

யோசித்தால் உண்மைதான். ஒற்றை விரல் என்றால் அண்ணா. நீட்டிய கை என்றால் அம்பேத்கர். கும்பிட்ட கை என்றால் தேவர். எங்கள் மாவட்டத்துக்காரரான காமராஜருக்கு முழங்காலை எட்டும் கையும் தோள் துண்டும் போதும். நாடாளுமன்ற வளாகத்தில் 1967இல் திறந்த அம்பேத்கர் சிலையை பி.வி.வாக் வெண்கலத்தில் வார்த்தார்; நீட்டிய கை வெண்கலத்தில் நிற்கும். அதே கையைச் சிமெண்டில் செய்கிறவருக்கு விரலுக்குள் ஓடும் ஒற்றைக் கம்பிதான் துணை. அந்தக் கம்பி துருப்பிடித்தால் உப்பும். உப்பினால் மேல்பூச்சு வெடிக்கும். ஒரு மழைக்காலத்தில் விரல் தானாகவே விழும்.

"அடிச்சு உடைச்சிருந்தா கம்பி வளைஞ்சிருக்கும். துருவுல விழுந்தா கம்பி ஊசியாத் தேஞ்சிருக்கும். பாத்த உடனே தெரிஞ்சிரும்."

"போலீஸ்ல சொல்வீங்களா?"

"யாரு கேட்டா? ஜீப்புல கூட்டிட்டுப் போவாக, விடியுறதுக்குள்ள முடிங்கம்பாக."

அடித்து உடைத்த விரல்களும் அவர் கைக்கு நிறையவே வந்திருக்கின்றன. 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் தொடங்கியபோது கிளம்பிய எதிர்ப்பும் சாதிக் கலவரமும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தையே உலுக்கின. கடைசியில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பெயர்கள் எல்லாவற்றையும் அரசு எடுத்துவிட்டது. பெயர்கள் போயின, சிலைகளுக்கு இரும்புக் கூண்டுகள் வந்தன. கூண்டு வந்ததும் கை சுருங்கியது. நீட்டிய கைக்குக் கூண்டு அகலமாக வேண்டும், இரும்புச் செலவு கூடும். 'கையை உள்ள வாங்கிச் செய்யுங்க' என்று கமிட்டிக்காரர்களே சொல்லிவிடுகிறார்களாம். நம் காலத்துச் சிற்பத்தின் உடல்மொழியைத் தீர்மானிப்பது வெல்டிங் பட்டறை.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு என்னைக் கூட்டிப்போனார். நாயக்கர் காலத்துத் தூண்களில் வீரபத்திரர், கர்ணன், அர்ச்சுனன். உடம்புக்கும் கைக்கும் நடுவே வெளிச்சம் புகுந்து வருகிறது. ஆனால் எல்லாம் ஒரே கல். ஓங்கிய ஆயுதத்தின் நுனி எங்காவது தூணைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்றுதான் பெரியவர் பார்க்கிறார். "இங்க பாருங்க, முட்டுக் குடுத்திருக்கான்" என்று அவர் காட்டிய பிறகு எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. வீரபத்திரரின் கோபத்தைவிட அந்தக் கோபம் ஒடிந்து விழாமல் இருக்கச் செய்த கணக்கு பெரிதாகத் தெரிந்தது.

காசைப் பற்றிப் பேசினால் எனக்கு ஆத்திரம் வருகிறது. கோயில் வேலையை மொத்தமாக எடுப்பவர் ஒருவர். அவரிடமிருந்து உள்குத்தகைக்கு இன்னொருவர். சாரத்தில் ஏறுகிறவருக்குத் தினக்கூலி. தலைவர் சிலையிலோ பீடத்துக் கல்லில் திறந்தவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர், நன்கொடை கொடுத்தவர் பெயர் எல்லாம் உண்டு. செய்தவர் பெயருக்கு மட்டும் இடமில்லை. சமத்துவம் பேசிய தலைவரின் காலடியிலேயே இந்தக் கணக்கு. கேட்டால் "சிமெண்டு வேலைதானே, சிற்பமா?" என்பார்கள். ராய் சௌத்ரி மெரினாவில் வார்த்த உழைப்பாளர் சிலையைப் படம் எடுத்துக்கொள்கிறவர்களும் இதையே சொல்வார்கள்.

சாலை ஓரத்திலும் நடைபாதையிலும் சிலை வைக்க அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்ட பிறகு புதுத் தலைவர்கள் குறைந்துவிட்டார்கள். இப்போது தோட்டத்தில் அப்பாவுக்குச் சிலை வைக்கும் மகன்கள் வருகிறார்கள். நான் இருந்தபோதே ஒருவர் செல்போனில் படம் காட்டினார். கல்யாண வீட்டில் எடுத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூச்சத்தோடு நிற்கிற சம்சாரி.

"ஆசீர்வாதம் பண்ற மாதிரி கையத் தூக்கி வச்சிருங்க அண்ணாச்சி."

பெரியவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"உங்கப்பா என்னைக்காவது அப்படிக் கையத் தூக்குனாரா தம்பி?"

"இல்ல. இருந்தாலும்…"

"தூக்கிருவோம். கம்பி கூடப் போகும், அதுக்குத் தனி ரேட்டு."