பருப்பு ஏன் வரவில்லை?

ரேஷனில் பருப்பு இல்லை என்றால் நம் தருமபுரிப் பக்கம் முதல் கோபம் கடைக்காரர் மேல்தான் பாயும். 2024 மே மாதம் தமிழ்நாடு முழுக்கத் துவரம்பருப்புக்கும் பாமாயிலுக்கும் தட்டுப்பாடு வந்தபோதும் அப்படித்தான். ஆனால் காரணம் அந்தக் கடையில் இல்லை. மக்களவைத் தேர்தல் நடத்தை விதிகள் இருந்ததால் கொள்முதல் ஒப்பந்தம் முடிவாகத் தாமதம் என்று அரசே விளக்கம் சொன்னது.

பருப்பை நுகர்பொருள் வாணிபக் கழகம் டெண்டர் விட்டு வாங்குகிறது. அது கிடங்குக்கு வந்து, அங்கிருந்து லாரியில் கடைக்கு வரவேண்டும். டெண்டர் ஒரு மாதம் தள்ளிப்போனால் சித்தேரி மலையில் அடுப்பு காத்திருக்கும். தேர்தல் தேதி முன்கூட்டியே தெரிந்த ஒன்றுதானே, ஏன் முன்னாலேயே வாங்கி வைக்கவில்லை? இதைத்தான் நாம் கேட்கவேண்டும்.

ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். வெளியே அப்போது 150-ஐத் தாண்டியிருந்தது. கூலிக்குப் போகிற வீட்டுக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

மே மாதப் பொருளை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அப்போது அறிவித்தார்கள். செல்போன் செய்தி எட்டாத பாட்டிகளுக்கு அதை யார் சொன்னார்கள் என்பதுதான் என் கவலை. இனி இப்படி நடந்தால் பக்கத்து வீட்டுப் பெரியவர்களுக்கு நாமே சொல்லிவிடுவோம். போன மாதப் பாக்கி உண்டா என்று கடையில் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் 1967-க்கு அழையுங்கள், அல்லது வட்ட வழங்கல் அலுவலரிடம் மனு கொடுங்கள்.